மெஷினை எடுத்துவிடச் சொல்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா தொடங்கிய வெண்டிங் மெஷின் தொழிலை மூன்று வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் பதினோரு மெஷின். பள்ளிகள், ஒரு கிளினிக், ஜேக்கப்ஸ் பக்கம் இரண்டு ஃபேக்டரி, ஒரு கோயில் மண்டபம் என்று பல இடங்களில் இருக்கின்றன. போன மாதம் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியை, அடுத்த டேர்முக்குள் பிளாஸ்டிக் பிரச்சினைக்கு வழி சொல்லாவிட்டால் மெஷினை எடுத்துவிடுங்கள் என்று கடிதம் கொடுத்துவிட்டார். பாட்டிலை விட்டுவிட்டு டின்னுக்கு மாறலாமா? மக்கிப்போகும் கப் என்று ஒருவர் கூடுதல் விலைக்குக் கொண்டுவருகிறார், வாங்கலாமா? புதுச் சட்டப்படி நானும் எங்காவது பதிவு செய்து பணம் கட்ட வேண்டுமா? விற்பனை குறையாமல் இதைச் சமாளிக்க முடியுமா அண்ணா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கப் விற்கிறவரை இந்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

தலைமை ஆசிரியை மேல் கோபம் வேண்டாம். 2019 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் துறைமுகம் எப்படி இருந்தது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீரே தெரியாமல் பாட்டிலும் மரக்குச்சியும் நாணலும் மூடிக் கிடந்தது, அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் அடுத்த நாள் கடையில் பாட்டில் வாங்கக் கை கூசியிருக்கும். சாட்ஸ்வொர்த்துக்கு அதில் நேரடிச் சம்பந்தமும் உண்டு. உங்கள் ஊரை ஒட்டி ஓடுகிற உம்ஹ்லதுஸானா ஆறு துறைமுகத்துக்குள்தான் போய் விழுகிறது. மைதானத்து ஓரம் ஒரு பிள்ளை போட்ட பாட்டில் சாக்கடை வழியாக ஆற்றுக்கும், ஆற்றில் இருந்து துறைமுகத்துக்கும் போக ஒரு நல்ல மழை போதும்.

ஆனால் அவர் எதைப் பார்த்து எரிச்சல்படுகிறார் என்று கேட்டீர்களா? கடிதத்தில் பிளாஸ்டிக் என்று இருக்கும். நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள், தொண்ணூறு சதவீதம் அவர் சொல்லப்போவது தரையில் கிடக்கிற பாட்டிலைப் பற்றித்தான். தொட்டிக்குள் கிடக்கிற பாட்டிலுக்காக யாரும் உட்கார்ந்து கடிதம் எழுதுவதில்லை. இந்த இரண்டும் வேறு வேறு பிரச்சினை. உங்களால் இந்த டேர்முக்குள் தீர்க்க முடிகிறது தரையில் கிடப்பதை மட்டும்தான், அதனால் அதில் இருந்து ஆரம்பிப்போம்.

உங்களிடம் ஒரு பெரிய பலம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். இந்த ஊரில் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசுகிற யாரிடமும், பள்ளிக்குள் தின்பண்டம் விற்கிற டக் ஷாப், டீ ரூம் என்கிற மூலைக்கடை, சூப்பர் மார்க்கெட், முனிசிபாலிட்டி என்று யாரிடமும், இந்த வளாகத்துக்குள் இந்த வாரம் எத்தனை பாட்டில் போனது என்ற கணக்கு கிடையாது. உங்களிடம் இருக்கிறது. கார்டு ரீடர் போட்ட மெஷின் என்றால் ஃபோனிலேயே பார்க்கலாம். அப்பா காலத்துப் பழைய மெஷின் என்றால் கதவைத் திறந்து உள்ளே இருக்கிற சர்வீஸ் பட்டனை அழுத்தினால் மொத்த விற்பனை எண் திரையில் வரும், போன வாரத்து எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். போனது எத்தனை என்று தெரியும், திரும்பி வந்தது எத்தனை என்று எடைபோட்டால் தெரிந்துவிடும். இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் எழுதி மாதாமாதம் தலைமை ஆசிரியை மேசையில் வைக்கிற ஆளை யாரும் அவ்வளவு சுலபமாக வெளியே அனுப்ப மாட்டார்கள்.

எடைக்கணக்கு சுலபம். அரை லிட்டர் சோடா பாட்டில் காலியாக மூடியோடு ஏறக்குறைய 20 முதல் 25 கிராம் இருக்கும், சாதாரணத் தண்ணீர்ப் பாட்டில் அதைவிட லேசு. உங்கள் மெஷினில் போகிற சரக்கிலேயே பத்துப் பாட்டிலைக் காலி செய்து சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், உங்கள் சொந்த எண் கிடைத்துவிடும். 22 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 45 பாட்டில். வாரம் 420 பாட்டில் விற்கிற பள்ளியில் ஒன்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல் திரும்ப வரவேண்டும். நான்கு கிலோதான் வந்தது என்றால் பாதிக்கு மேல் எங்கேயோ போகிறது. எங்கே என்று தேட ஆரம்பிக்கலாம்.

நான் ஒரு பள்ளியில் அப்படித் தேடினேன். முதல் மாதம் மெஷினுக்குப் பக்கத்திலேயே அழகான தொட்டி ஒன்று வைத்திருந்தேன், ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டி. அதில் கிடந்தது முழுக்க ரசீதுத் தாளும் சிப்ஸ் பாக்கெட்டும்தான், பாட்டில் பத்தைத் தாண்டவில்லை. சரி என்று ஒருநாள் இடைவேளை நேரத்தில் என் பக்கியை, அதாவது சின்னச் சரக்கு வண்டியை, கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் நின்று பார்த்தேன். பிள்ளைகள் மெஷினில் பாட்டில் எடுக்கிறார்கள், மூடியைத் திறந்து இரண்டு மடக்கு குடிக்கிறார்கள், மூடுகிறார்கள், நடந்துவிடுகிறார்கள். பாட்டில் காலியாகிறது மைதானத்து அந்தக் கோடியில், வலைப்பந்து ஆடுகிற இடத்துக்குப் பின்னால் இருக்கிற சுவர் ஓரத்தில். அங்கே தொட்டியே கிடையாது! மணி அடித்ததும் அப்படியே கீழே வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன், காலிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நூறு மீட்டர் திரும்பி நடந்து வர நானும் யோசிப்பேன். தொட்டியை அந்தச் சுவர் ஓரத்துக்கு நகர்த்தினேன், வேறு எதையும் மாற்றவில்லை, அடுத்த வாரமே எடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

தொட்டிக்கு மேலே பாட்டில் மட்டும் நுழைகிற அளவில் வட்ட ஓட்டை வையுங்கள், பக்கவாட்டில் கம்பிவலை இருக்கட்டும், உள்ளே பாட்டில் கிடப்பது வெளியே தெரிந்தால் அடுத்தவரும் பாட்டிலைத்தான் போடுவார். மூடிக்குக் கொண்டி அவசியம். குரங்குகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் திறந்த தொட்டியை மரத்தடியில் வைத்துவிட்டுப் பிறகு என்னைத் திட்டாதீர்கள்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு என்ற யோசனை உங்களுக்கும் வந்திருக்கும். நம் சின்ன வயதில் டீ ரூமில் கண்ணாடி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துச் சில்லறை வாங்கி இனிப்பு வாங்கியவர்கள்தானே நாம். அந்த நினைவில் நானும் ஒரு பள்ளியில் பாட்டிலுக்கு 50 செண்ட் என்று ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாவது நாள் ஒரு பையன் கறுப்புக் குப்பைப் பை நிறைய வீட்டில் இருந்தும் மாமா கடையில் இருந்தும் பாட்டில் கொண்டுவந்து கொட்டினான். அந்த வாரம் விற்றது 310, திரும்பி வந்தது 540. ஊருக்கு நல்லது செய்தேன், என் பணப்பைக்குச் செய்யவில்லை. காசு கொடுக்க வேண்டும் என்றால் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகக் கொடுக்காமல், மாதம் இத்தனை கிலோ வந்தால் விளையாட்டுக் கிளப்புக்கு இவ்வளவு என்று வையுங்கள், அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் தொகை ஏறாது என்று எழுதியும் கொடுத்துவிடுங்கள்.

இப்போது சேர்த்ததை யாரிடம் கொடுப்பது? இதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன், விவரமாகவே சொல்கிறேன்.

கொண்டி போட்ட தொட்டி வைத்த இரண்டாவது வாரம், வியாழக்கிழமை காலை, கேட் பக்கம் ஒரு ஸுலு அம்மா தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார். மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், நம் மாமா இல்லை, அவர்கள் மொழியில் அம்மாவுக்குச் சமமான மரியாதைச் சொல். அந்தப் பள்ளிக் குப்பையில் இருந்து பாட்டில் பொறுக்கி விற்று வருடக்கணக்காக அவர் பிழைப்பு நடந்திருக்கிறது, நான் வந்து பூட்டுப் போட்டுவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை, பூட்டைக் காட்டி இது எப்போது திறக்கும் என்று மட்டும் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் சேர்த்ததையோ அப்போது ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம், மாதாமாதம் பச்சை இலை போட்ட சான்றிதழ் அனுப்புவார்கள். ஒருநாள் சந்தேகம் வந்து அவர்கள் வண்டிக்குப் பின்னாலேயே பக்கியை ஓட்டிக்கொண்டு போனேன். வண்டி போய் நின்றது குப்பைமேட்டில். எட்டு மாதம் சேர்த்த பாட்டில் எல்லாம் மண்ணுக்குள்.

அதற்குப் பிறகு சாவி அந்த மாமாவிடம்தான். பள்ளியில் பேசி அவருக்கு ஒரு அடையாள அட்டையும் கையுறையும் வாங்கிக் கொடுத்தேன், எடைபோட்டு நோட்டில் எழுதிவிட்டு பாட்டிலை அவரே எடுத்துக்கொள்வார், விற்கிற காசு முழுக்க அவருடையது, வந்துபோவதற்கு என் பங்கில் இருந்து வாரத்துக்கு ஒரு தொகை. உபகாரம் என்று நினைக்காதீர்கள், அவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்கு நான் ஆள் வைக்க வேண்டும், அந்த ஆளுக்கு பாட்டிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்த நாட்டில் மறுசுழற்சிக்குப் போகிற பாட்டிலில் பெரும்பகுதி இவர்கள் கையால் போவதுதான், எந்தக் கம்பெனி வண்டியும் இல்லை.

பாட்டில் பாடம் முழுக்க எனக்கு அவர்தான் எடுத்தார். நிறமில்லாத பாட்டிலுக்கு நல்ல விலை, பச்சைக்கும் பழுப்புக்கும் குறைவு. உடம்பு முழுக்க இறுக்கமாகப் பிளாஸ்டிக் உறை போட்டு வருகிற பாட்டிலைக் கையில் எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார், அந்த உறையைக் கிழித்து எடுத்தால்தான் விலை. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஆலையில் பாட்டிலைத் துண்டுதுண்டாக்கித் தண்ணீரில் போடுவார்கள், பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், அப்படித்தான் பிரிப்பது. உறைகளில் பாதி பாட்டிலோடு சேர்ந்தே மூழ்குகிற ரகம், அது கலந்தால் மொத்தச் சரக்கும் கெட்டுவிடும். மூடி மிதக்கும் என்பதால் அதைத் தனியாகக் கழற்ற வேண்டாம், நசுக்கி மூடியைத் திரும்பப் போட்டால் போதும், இல்லாவிட்டால் மூடி மட்டும் தனியாகச் சாக்கடைக்குப் போகும். ஆக அடுத்த ஆர்டர் போடும்போது ஒரே மாதிரி விற்கிற இரண்டு பானத்தில் நிறமில்லாத பாட்டில், சின்ன லேபிள் எதுவோ அதை எடுங்கள். உங்களுக்கு ஒரு செண்ட் செலவு இல்லை, அந்தப் பக்கம் ஒருவருக்கு அரை நாள் வேலை மிச்சம்.

சேர்த்த பாட்டில் பையை வேறு யாராவது எடுப்பதாக இருந்தால், சான்றிதழ் வேண்டாம், வாங்கின ஆலையின் எடைச்சீட்டு நகல் வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள்.

டின்னுக்கு மாறுவது பற்றி. மாறலாம், ஆனால் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அலுமினிய டின்னுக்கு எடைக்கு எடை பாட்டிலைவிடப் பல மடங்கு விலை கிடைக்கும், அதனால் அது தரையில் கிடந்தாலும் வெகுநேரம் கிடக்காது. இன்னொன்று யாரும் சொல்லாதது: டின்னைத் திறந்தால் மூட முடியாது. மூட முடியாததால் பிள்ளை அங்கேயே நின்று குடித்து முடிக்கும், மெஷினுக்குப் பக்கத்துத் தொட்டிக்கு அப்போதுதான் வேலை வருகிறது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். புது அலுமினியம் உருக்க ஆகிற மின்சாரம் கொஞ்சநஞ்சம் இல்லை, ரிச்சர்ட்ஸ் பேயில் இருக்கிற ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள், இந்த நாட்டு மின்சாரமோ பெரும்பாலும் நிலக்கரி. பழைய டின்னை உருக்கினால் அந்த மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் மிச்சமாகிறது, அதாவது டின் திரும்பி வந்தால்தான் நல்லது, வராவிட்டால் பாட்டிலைவிட மோசம் என்றே சொல்வேன்.

மெஷின் பக்கமும் வேலை இருக்கிறது. பாட்டிலுக்குப் போட்ட ஸ்பைரலில், அதாவது சரக்கை முன்னால் தள்ளுகிற சுருள் கம்பியில், டின்னை நிறுத்தினால் ஆடும், சிக்கும், பிள்ளை கண்ணாடியைத் தட்டும், பிறகு மெஷினையே ஆட்டும். டின் அளவுக்கான ஸ்பைரல் வாங்கி மாற்றுங்கள், அதையும் கீழ்த்தட்டில் மட்டும் போடுங்கள். மேல்தட்டில் இருந்து விழுந்த டின்னை ஒரு பிள்ளை உடனே திறந்து, சட்டை முழுக்க ஆரஞ்சு நிறமாகி, அவன் அம்மா எனக்கு ஃபோன் செய்த கதை தனி. கண்ணாடி பாட்டில் பற்றி யாராவது பேசினால், விழுகிற மெஷினில் கண்ணாடி கூடாது, பாட்டிலைத் தாங்கி இறக்குகிற லிஃப்ட் மெஷின் வேண்டும், பள்ளிக்கு அதுவும் வேண்டாம்.

இப்போது அந்தக் கப். மக்கும் என்று அவர் சொல்வது முழுப் பொய் இல்லை, எங்கே மக்கும் என்பதைத்தான் சொல்லமாட்டார். சோளமாவில் இருந்து செய்கிற அந்த ரகம் மக்க 55, 60 டிகிரி சூடு பல வாரம் நிற்கிற பெரிய உரக்கூடம் வேண்டும், உங்கள் வீட்டுத் தோட்டத்துக் குழியில் அது சும்மா கிடக்கும். குப்பைமேட்டுக்குப் போனால் அங்கேயும் கிடக்கும். பார்ப்பதற்கு சாதாரணப் பாட்டில் பிளாஸ்டிக் மாதிரியே இருப்பதால் பாட்டில் மூட்டைக்குள் கலந்து அதையும் கெடுக்கும். ஏதோ மருந்து கலந்த பிளாஸ்டிக், வெயிலில் தானாகவே உதிர்ந்துவிடும் என்று சொல்லி இன்னொரு ரகம் வரும், அது உதிர்வது பொடியாகத்தான், மறைவதில்லை. அந்த ரகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடையே செய்துவிட்டது. உரக்கூடத்தோடு ஒப்பந்தம் இருந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

காபி மெஷினுக்கு அதைவிட நல்ல வழி ஏற்கெனவே மெஷினுக்குள்ளேயே இருக்கலாம். நிறைய மாடல்களில் கப் விழாமல் நிறுத்துகிற, சொந்தக் குவளை வைத்து எடுக்கிற வசதி உண்டு, யாரோ அதை அணைத்துப் போட்டிருப்பார்கள். ஜேக்கப்ஸ் ஃபேக்டரியில் அதைத் திறந்துவிட்டு, குவளை கொண்டுவந்தால் ஒரு ரேண்ட் குறைவு என்று வையுங்கள். பேப்பர் கப் என்கிறார்களே, அதற்கும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அதை எடுக்க ஆளில்லை. அந்த ஒரு ரேண்டில் பெரும்பகுதி கப் வாங்குகிற காசில் திரும்பி வந்துவிடும்.

சிப்ஸ் பாக்கெட் விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல எனக்கு வழியில்லை. வெள்ளிப் பளபளப்பு உள்ள அந்தப் பாக்கெட்டை எடுப்பவர் ரொம்பக் குறைவு. சில பள்ளிகளில் இரண்டு லிட்டர் பாட்டிலுக்குள் பாக்கெட்டை அடைத்துச் செங்கல் மாதிரி பெஞ்ச் கட்டுகிறார்கள். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, விற்கக்கூடிய நல்ல பாட்டில் ஒன்றை விற்க முடியாத குப்பையால் நிரப்பி இரண்டையும் கெடுக்கிற வேலை. உங்கள் தலைமை ஆசிரியைக்கு அது பிடித்திருந்தால் வாதாடாதீர்கள்.

சட்டக் கேள்விக்குச் சுருக்கமாக. உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2020 நவம்பரில் அரசிதழில் வந்து 2021 மே 5 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டியவர் அந்தப் பாட்டிலைத் தன் பிராண்டில் சந்தைக்குக் கொண்டுவருகிறவரும் இறக்குமதி செய்கிறவரும். மொத்தக் கடையில் வாங்கி மெஷினில் அடுக்குகிற உங்களுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. ஆனால் உங்கள் பெயரை அச்சடித்து சொந்தத் தண்ணீர்ப் பாட்டிலோ கப்போ இறக்கினால் அன்றைக்கு நீங்கள்தான் பிராண்ட்காரர், அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பாட்டில் கம்பெனிகள் கட்டுகிற அந்தப் பணம் பெட்கோ மாதிரி அமைப்புகளுக்குப் போகிறது. 2004இல் இருந்து பாட்டில் சேகரிப்பு வேலையில் இருப்பவர்கள், பள்ளிகளில் சேகரிப்பு தொடங்க என்ன உதவி கிடைக்கும் என்று எழுதிக் கேளுங்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை.

விற்பனை குறையுமா என்று கேட்டீர்கள். தண்ணீரில் குறையும், மழுப்பாமல் சொல்கிறேன். பள்ளி ஒரு நல்ல குளிர்தண்ணீர்க் குழாய் வைத்து, பிள்ளைகள் வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தால் உங்கள் தண்ணீர் வரிசை படுத்துவிடும். அதனால்தான் அந்தக் குழாயை நீங்களே கொண்டுபோய் வையுங்கள் என்கிறேன். வடிகட்டியோடு குளிர்விக்கிற இயந்திரம், மாத வாடகை, வடிகட்டி மாற்றுவது உங்கள் வேலை. யாரோ ஒருவர் அதை வைக்கத்தான் போகிறார். 2022 வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லாமல் எல்லோரும் பாட்டிலும் லாரியும் என்று அலைந்ததைப் பார்த்தவன் நான், பாட்டில் தண்ணீரே கூடாது என்று சொல்லமாட்டேன், குழாய் நின்றுபோகிற நாளுக்கு மெஷினில் ஒரு வரிசை இருக்கட்டும்.

கோயில் மண்டபத்துக்கு மட்டும் வேறு யோசனை. காவடி நாளிலும் ஈஸ்டர் மாரியம்மன் பூசை நாட்களிலும் அந்த மெஷினை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் தண்ணீர்ப் பந்தல் போடுங்கள், மோர், தண்ணீர், எவர்சில்வர் டம்ளர், கழுவ இரண்டு பெரிய அண்டா, பெயர்ப் பலகை உங்கள் தொழில் பெயரில். ஒரு நாள் விற்பனை போகும், கமிட்டிக்காரர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அந்த மோரை மறக்கமாட்டார்கள்.

தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போகும்போது வெறும் வாக்குறுதியோடு போகாதீர்கள். இன்றைக்கே தொட்டியை நகர்த்தி நான்கு வாரக் கணக்கு எடுத்துக்கொண்டு போங்கள், விற்றது, வந்தது, வராதது என்று மூன்று வரி. வராதது அதிகமாக இருந்தாலும் மறைக்காதீர்கள், எந்தச் சுவர் ஓரத்தில் கிடக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கும், அவர் சொல்கிற இடத்தில் அடுத்த தொட்டி. தராசு வாங்கும்போது தொங்கவிட்டு எடைபோடுகிற கொக்கித் தராசாக வாங்குங்கள், 50 கிலோ வரை காட்டுவது போதும், பையோடு மாட்டிவிடலாம். முதல் நாளே வெறும் பையின் எடையைக் கழிக்க மறந்து நான் ஒரு மாதம் தப்புக் கணக்கு கொடுத்திருக்கிறேன்.

நான்கு வார எண்கள் வந்ததும் எழுதுங்கள், கிளினிக் மெஷினைப் பற்றி அப்போது பேசலாம்.